இழவு சொல்ல ஓர் ஆள்

ரெக்கார்டு நோட்டைக் காணவில்லை.

பூமாலை குடிசையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டான். உறியில் இல்லை, பரணில் இல்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவின் தலைமாட்டிலும் இல்லை. பத்து மணிக்கு அரியலூரில் வேதியியல் செய்முறைத் தேர்வு. வருஷம் முழுக்க எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்த அந்த நோட்டு இல்லாமல் போனால், சோதனைக்கூடத்து வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். செய்முறைக்கு வராதவன் மற்றப் பாடங்களில் எத்தனை மார்க் வாங்கினாலும் புகுமுக வகுப்பில் தோற்றவன்தான். ஏழரைக்கு பஸ். மணி ஏழாகப் போகிறது.

அவன் தாய் இருசம்மாள் நடு வீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரமாக அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அடுப்புக்கூட மூட்டவில்லை. பூமாலைக்கு அப்போதுதான் உறைத்தது.

"யம்மா, எந்திரி."

"எதுக்கு?"

"நோட்டு மேலதான குந்தியிருக்க?"

"ஆமா, குந்தித்தான் இருக்கேன். பெரிய வூட்டு ஆத்தா செத்துக் கெடக்குது. சின்னதுரை வந்து தெருமுனையில நின்னுக்கிட்டு இருக்காரு. நீ என்னமோ நோட்டைத் தேடுற."

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். எந்திரி."

"என்னான்னு பேசுவ? எனக்குப் பரீட்சை இருக்குது, உங்க ஆத்தாள அடுத்த வாரம் சாவச் சொல்லுங்கன்னு பேசுவியா?"

படுக்கையிலிருந்து ராசாங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன ஆடியில் வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்கு வார்த்தை முழுசாக வருவதில்லை. "ஊரு... பொல்லாதது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

வெளியே கொடுக்காப்புளி மரத்தடியில் நின்று சின்னதுரை குரல் கொடுத்தார். பெரிய வீட்டின் காரியக்காரர் அவர். காலனிக்குள் கால் வைக்கமாட்டார். அவர் குரல் மட்டும் எல்லா வீட்டுக்குள்ளும் வரும்.

"ராசாங்கம் வூட்டுல ஆளு இருக்கா, இல்லையா? விடிஞ்சு எந்நேரமாவுது? நாலு ஊருக்குச் சேதி போவணும். வெயிலு ஏறுனா பொணம் தாங்குமா?"

பூமாலை வெளியே போனான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

"ஆத்தா எப்பங்க தவறுச்சு?"

"கோழி கூப்புடுறப்ப. செந்துறையில மவ பஞ்சவர்ணம் வூடு. உடையார்பாளையத்துல ஆத்தாவோட பொறந்த வூடு, தம்பி வைரக்கண்ணுகிட்ட சொல்லணும். கங்கைகொண்ட சோழபுரத்துல தங்கச்சி. பெரம்பலூருல சின்னவரு தர்மராஜ். பொழுது சாய எடுக்குறாங்க. அத்தினி பேரும் வந்தாவணும்."

ஒரே ஆள், நாலு திசை, ஒரு பகல். இது ஆகிற காரியமா என்று சின்னதுரை யோசிக்கவில்லை. அது வெட்டியான் கவலை. ஆனால் பூமாலை யோசித்தான். பிறகு நிமிர்ந்து சொன்னான்.

"மத்தியானத்துக்குள்ள நாலு ஊருக்கும் சேதி போயிருங்க."

சின்னதுரை திருப்தியாகத் திரும்பிப் போனார். இருசம்மாளும் அதைக் கேட்டாள், அவளுக்கும் நிம்மதி. சாக்கைத் தூக்கி நோட்டை எடுத்து மகன் கையில் கொடுத்தாள். "போற வழியில படிச்சுக்க" என்றாள். பாவம், பரீட்சை என்றால் அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

கருக்கம்பாடிக்கு வெட்டியான் ராசாங்கம். அவர் அப்பனும் வெட்டியான், அப்பனுக்கு அப்பனும் வெட்டியான். சர்க்கார் சம்பளம் தருகிற வேலைதான்; கிராம முன்சீப்பின் கீழே. வரி கட்டாதவனைக் கூப்பிட்டு வருவது, கணக்குப்பிள்ளை நிலம் அளக்கும்போது சங்கிலி பிடிப்பது, ஏரி மதகைக் காப்பது, தமுக்கு அடிப்பது. சர்க்கார் எழுதி வைத்த வேலை இவ்வளவே. ஊரில் எந்த வீட்டில் செத்தாலும் வெறுங்காலோடு உறவுக்காரர் ஊருக்கெல்லாம் போய்த் தெருவில் நின்று இழவு சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் கருக்கம்பாடியில் முன்சீப்பும் பெரிய வீட்டுக்காரரும் ஒருவரே. செத்துப்போன ஜெகதாம்பாளின் மூத்த மகன் சிவசுப்பிரமணியன்தான் அவர். காலனி இருக்கிற நிலமும் அவருடையது. சட்டம் எங்கே முடிகிறது, முறை எங்கே தொடங்குகிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். யார் கேட்பது?

ராசாங்கம் விழுந்தபோது பூமாலை காலேஜில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலனியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அவன். வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. படிப்பை விட்டால் அவனும் அப்பனைப்போல் கிடந்து சாக வேண்டியதுதான். இரண்டையும் பிடித்துக்கொண்டான். விடிவதற்கு முன்னால் மதகு, அப்புறம் பஸ், இயற்பியல், வேதியியல், தமிழ், இங்கிலீஷ், திரும்பி வந்து தமுக்கு. ஆங்கிலப் பாடத்தில் வரும் கதையை மதகுக் கட்டையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பான். உப்புகளைக் கண்டுபிடிக்கும் வரிசையை அவன் மனப்பாடம் செய்ததெல்லாம் இழவு சொல்லப் போன வழிகளில்தான். குளோரைடுக்கு ஒரு சாவு, கார்பனேட்டுக்கு ஒரு சாவு என்று அவனுக்கு நினைவிருக்கும்.

அந்த வருஷம் ஊரில் பதினோரு சாவு. ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் லீவு லெட்டர். 'நெருங்கியவர் இறந்ததால்' என்று எழுதுவான். ஆறாவது லெட்டரில் வகுப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்பா, உனக்கு மொத்தம் எத்தனை பாட்டி?" என்று கேட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பூமாலையும் சேர்ந்து சிரித்துவைத்தான். செத்தவர்கள் யாருக்கு நெருக்கம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நகர்ந்தும் உட்கார்ந்திருப்பான்.

வருகைக் குறைவுக்கு அபராதம் கட்டி, மன்னிப்புக் கேட்டு, எப்படியோ பரீட்சைக்கு அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டான். இந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டாவது சாவு.

அரியலூரில் இறங்கியதும் பூமாலை நேரே தந்தி ஆபீசுக்குப் போனான்.

தந்தி எழுதுவது இங்கிலீஷ் பாடத்தில் வந்த பயிற்சி. குறைந்த வார்த்தையில், விஷயம் விட்டுப்போகாமல். வகுப்பில் பாதிப் பேர் அதை விளையாட்டாக எழுதினார்கள். பூமாலைக்கு அதில் பத்துக்கு ஒன்பது மார்க். இப்போது படிவத்தை வாங்கி, தாயார் காலமானார், உடனே புறப்படவும் என்று இங்கிலீஷில் நாலு தடவை எழுதினான். அனுப்புபவர் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. அங்கேதான் பேனா நின்றது. தாயார் என்று எழுதிவிட்டுக் கீழே பூமாலை என்று எப்படிப் போடுவது? வாங்குகிறவர்களுக்குப் புரியாதே. செத்தது சிவசுப்பிரமணியனின் தாய். அதனால் சிவசுப்பிரமணியன் என்றே எழுதினான்.

குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். "இங்கிலீஷ் சுத்தமா இருக்கு. சிவசுப்பிரமணியன் யாரு, நீங்களா?"

"இல்லீங்க. எங்க ஊரு முன்சீப்பு."

"மரணத் தந்தி, மத்ததுக்கெல்லாம் முன்னால போவும். பதினோரு மணிக்குள்ள எல்லாருக்கும் கிடைச்சுடும், போ."

இயற்பியல் புத்தகம் வாங்க வைத்திருந்த பணம் அதோடு சரி. ஆனால் பூமாலைக்கு அன்றைக்கு நடை லேசாக இருந்தது. பதினெட்டு வயதில் முதல் தடவையாக, வேலையையும் படிப்பையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் முடித்துவிட்டதாக அவன் நினைத்தான். படித்த படிப்பு ஒரு பிரயோஜனத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தான். ஊர் இதைப் பார்த்து மெச்சும் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தான். அவ்வளவு விவரம் போதாத பையன்.

சோதனைக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை உப்பு. பிளாட்டினக் கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினான். சுடர் பச்சையானது. ஆப்பிள் பச்சை என்று புத்தகத்தில் போட்டிருக்கும்; பூமாலை அந்த நிறத்து ஆப்பிளைக் கண்டதில்லை. நாற்றங்கால் நிறம் என்றுதான் அவன் நினைவு வைத்திருந்தான். பொட்டாசியம் குரோமேட்டை விட்டதும் மஞ்சளாக அடியில் படிந்தது. வெள்ளி நைட்ரேட்டுக்குத் தயிர்போலத் திரிந்தது. பேரியம் குளோரைடு என்று கடைசி வரியில் எழுதி, கீழே கோடு போட்டான். தேர்வாளர் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவன் ஊர் திரும்பியபோது மணி மூன்று. பெரிய வீட்டு வாசலில் ஜனம் நிறைந்திருந்தது. செந்துறை மகள் பன்னிரண்டுக்கே வந்துவிட்டாள். தாயின் முகத்தை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். தர்மராஜ் பெரம்பலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். வைரக்கண்ணு வாடகைக் கார் பிடித்து, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்திருந்தார். சோழபுரத்துத் தங்கைதான் கடைசி; அவளும் எடுப்பதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டாள். கருக்கம்பாடியில் எந்தச் சாவுக்கும் அத்தனை உறவும் அத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்ததில்லை.

பூமாலையைப் பார்த்ததும் சின்னதுரை அருகில் வந்தார். "எல்லாம் முடியட்டும். உனக்கு இருக்குது" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. பால் தெளித்துவிட்டு வந்த ஆண்கள் பெரிய வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தார்கள். பூமாலையைக் கூப்பிட்டுப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார்கள். இருசம்மாள் அவனுக்கும் பின்னால், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

வைரக்கண்ணுதான் ஆரம்பித்தார். செத்தவளின் தம்பி; இழவு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எங்க அக்கா செத்த சேதி எனக்கு எப்புடி வந்துச்சு தெரியுமா? காக்கிச் சட்டை போட்டவன் ஒருத்தன் சைக்கிள்ல வந்து கையெழுத்துப் போடுன்னான். எனக்குப் படிக்கத் தெரியலை. மளிகைக் கடைக்காரன்கிட்ட எடுத்துக்கிட்டு ஓடுறேன். அவன் உப்பு நிறுத்துக்கிட்டே படிச்சுச் சொல்றான், 'உங்க அக்கா செத்துட்டாங்க'ன்னு. தெருவே வேடிக்கை பாக்குது. அந்தக் கருக்கம்பாடிக்காரனுக்கு ஒரு ஆள அனுப்ப வக்கில்லாமப் போச்சான்னு கேக்குறான். எங்களுக்கு ஒரு முறை கெடையாதா?"

சிவசுப்பிரமணியன் பூமாலையைப் பார்த்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"எம் பேர எழுதச் சொல்லி உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தது?"

"ஐயா, தாயாருன்னு எழுதிட்டு எம் பேரப் போட முடியாதுங்களே. அதனாலதான்... சேதி சீக்கிரமாப் போவணும்னுதாங்க."

"சேதி போச்சு. ஆளு எங்கடா போனான்?"

"பரீட்சைங்க ஐயா."

தர்மராஜ் தொண்டையைச் செருமினார். பெரம்பலூரில் சர்க்கார் ஆபீசில் இருப்பவர், நாலு எழுத்துப் படித்தவர். "அண்ணே, தந்தி வந்ததாலதான நாங்கல்லாம் நேரத்துக்கு..." என்று தொடங்கினார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். தர்மராஜ் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார்.

பூமாலைக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்கு வேண்டியது சேதி இல்லை. தந்தியைவிட வேகமாக ஒரு பறவை வந்து சொன்னாலும் இவர்களுக்குப் பற்றாது. வெறுங்காலோடு ஒருவன் வந்து, இடுப்பில் துண்டோடு தெருவில் நின்று, குனிந்து சொல்ல வேண்டும். அவன் நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சாவு ஒரு சாக்கு.

தீர்ப்பு எளிதாக முடிந்தது. விட்டுப்போன முறையைப் பூமாலை செய்து முடிக்க வேண்டும். தர்மராஜ் பெற்ற மகன் என்பதால் பெரம்பலூரை விட்டுவிட்டார்கள். செந்துறை, உடையார்பாளையம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்று ஊருக்கும் ஒரே நாளில் நேரில் போய், வீட்டு வாசலில் நின்று, ஜெகதாம்பாள் இறந்துபோனதை முறைப்படி சொல்லிவிட்டு வர வேண்டும். செத்தவளுக்குக் கோடி போட்டவர்களிடம், தோள் கொடுத்தவர்களிடம், அன்று காலை பால் தெளித்தவர்களிடம் போய், அவள் செத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"போறேங்க ஐயா" என்றான் பூமாலை. "திங்கக்கெழமை மட்டும் வேணாங்க. இன்னொரு பரீட்சை இருக்குதுங்க. நாளைக்கே வேணும்னாலும் போறேன்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"நாளைக்கு இவங்கல்லாம் இங்கதான இருக்காங்க? பூட்டுன வூட்டுக்கா சொல்லுவ?" என்றார் சிவசுப்பிரமணியன். "செவ்வாக்கெழமை இழவு சொல்ற நாளில்ல. திங்கக்கெழமை போ."

"ஐயா..."

"போவலைன்னா முன்சீப்பு கையெழுத்து இல்லாம இந்த மாசச் சம்பளம் நீ எப்புடி வாங்குறன்னு பாக்குறேன். எடத்தையும் காலி பண்ணிக்க. படிச்சவன், டவுன்ல வூடு கெடைக்கும்."

இருசம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். "போவான் சாமி. எம் புள்ள போவான்."

ஞாயிறு முழுக்கப் பூமாலை கணக்குப் போட்டான். விடியக்காலை முதல் பஸ்ஸில் செந்துறைக்குப் போய், ஏழரைக்குள் சொல்லிவிட்டு, எட்டரை பஸ்ஸைப் பிடித்தால் பரீட்சைக்கு நேரத்தோடு போய்விடலாம். ஒரு மணிக்குப் பரீட்சை முடியும். அதன்பிறகு மற்ற இரண்டு ஊரும். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். இழவு சொல்வது எவ்வளவு நேர வேலை? மஞ்சள் பையில் இயற்பியல் ரெக்கார்டை வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு அவன் செந்துறையில் பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலில் நின்றான். செருப்பைத் தெருமுனையில் கழற்றிவிட்டு வந்திருந்தான். பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். கண்கள் இன்னும் வீங்கியிருந்தன.

"வந்துட்டியா? செத்த இரு. அவங்க வயக்காட்டுக்குப் போயிருக்காங்க."

"நீங்களே கேட்டுக்கிட்டீங்கன்னா எட்டரை பஸ்ஸப் புடிச்சிருவேம்மா. பத்து மணிக்குப் பரீட்சைங்க."

"பொம்பள கேட்டா முறையாவுமா? அப்பறம் உடையார்பாளையத்து மாமா எங்களயும் சேத்துல்ல ஏசுவாரு." அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அன்னிக்கு நீ தந்தி குடுக்கலைன்னா எங்க ஆத்தா மூஞ்சிய நான் பாத்திருக்கமாட்டேன். நீ நல்லாயிருப்ப."

"அத அங்க, பந்தல்ல சொல்லியிருக்கலாங்களேம்மா."

பஞ்சவர்ணத்தின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

இழவு சொல்ல வந்தவன், சொல்லி முடித்து, வீட்டுக்காரர் நெல் போட்டு அனுப்பாமல் நகரக்கூடாது. பூமாலை நின்றான். எட்டு மணி ஆனது. தெருப் பிள்ளைகள் சிலர் வந்து அவனைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். எட்டரை பஸ் கடைவீதியில் ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்துவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்காரர் ஒன்பதேகாலுக்கு நிதானமாக வந்து, கைகால் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னா சேதி?"

"கருக்கம்பாடி பெரியாத்தா தவறிப்போச்சுங்க."

பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. தாயை நினைத்து அழுதாளோ, எதை நினைத்து அழுதாளோ. பிறகு மரக்காலில் நெல் கொண்டுவந்து, அவன் விரித்த துண்டில் எட்ட நின்று கொட்டினாள்.

அரியலூர் காலேஜுக்கு அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. சோதனைக்கூடக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த பணியாளர் கையை விரித்தார். "அரை மணிக்கு மேல யாரையும் விடக்கூடாதுப்பா. நான் என்னா செய்ய? அது என்னா கையில மூட்டை?"

"நெல்லுங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவனுடைய பதிவெண் ஒட்டிய மேசை காலியாக இருந்தது. தனி ஊசல். நூலில் தொங்கிய இரும்புக் குண்டு அசையாமல் நின்றது. அவனுக்கு நன்றாக வரும் சோதனை அது. கண்ணை மூடிக்கொண்டு செய்வான். அங்கே நின்று பூமாலை அழுதான். வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளைபோல் அழுதான். பணியாளர் அவனைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறினான். வழி முழுக்க ஒன்றும் படிக்கவில்லை. இந்த வேலையில் இத்தனையும் பொறுத்துக்கொண்டதே இந்தப் பரீட்சைக்காகத்தான். பரீட்சையை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்படியானால் இனி எதற்குப் பயந்து இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

வைரக்கண்ணு தயாராக இருந்தார். ஒருத்தனை வரவழைத்துச் சொல்ல வைக்கிறேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்ததால், பத்துப் பதினைந்து பேர் வாசலில் கூடியிருந்தார்கள். மளிகைக் கடைக்காரரும் வந்திருந்தார். உள்ளே கூடத்தில் வைரக்கண்ணுவின் மனைவி ரத்தினம்மாளும் பங்காளி வீட்டுப் பெண்களும் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெட்டியான் குரல் எழும்பியதும் அழுகையைத் தொடங்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. காலையிலிருந்து உட்கார்ந்து அவர்களுக்கு இடுப்பு கடுத்துப்போயிருந்தது.

பூமாலை தெரு நடுவில் வந்து நின்றான். செருப்பு காலில் இருந்தது. அவன் கழற்ற மறந்துவிட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எங்கேருந்துடா வர?" என்றார் வைரக்கண்ணு, அவனை அதுவரை பார்த்தே இராதவர்போல.

"கருக்கம்பாடிங்க."

"என்னா சேதி கொண்டாந்த?"

பூமாலை வாயைத் திறக்கவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வேலை போகும். குடிசையைப் பிரித்து, அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். அம்மா மண்ணை வாரித் தூற்றுவாள். எல்லாம் தெரியும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லுடா, நாலு பேருக்குக் கேக்கட்டும். யாரு செத்தது?"

"கருக்கம்பாடி வெட்டியான் செத்துட்டாங்க!" என்றான் பூமாலை, தெரு முழுக்கக் கேட்கும்படி.

"என்னது?"

"வெட்டியான் செத்துட்டான். இன்னிக்குக் காலையில பத்து மணிக்குப் போயிட்டான். எல்லாம் முடிஞ்சிருச்சு, நீங்க யாரும் வர வேண்டியதில்ல. முறைப்படி சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

வைரக்கண்ணு ஓர் அடி முன்னால் எடுத்துவைத்தார். அதற்குள் உள்ளே ரத்தினம்மாள் ஓங்கி மார்பில் அடித்துக்கொண்டு குரல் எடுத்தாள். குரல் எழும்பிற்று, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. யார், என்ன என்று அவர்கள் காது கொடுக்கவில்லை. ஏழெட்டுப் பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, போயிட்டியே, எங்கள விட்டுப் போயிட்டியே என்று பிலாக்கணம் வைத்தார்கள். மளிகைக் கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏய், நிறுத்துங்கடி! நிறுத்துங்கடிங்கிறேன்! யாருக்குடி அழுவுறீங்க?" என்று வைரக்கண்ணு உள்ளே பார்த்துக் கத்தினார். அழுகைச் சத்தத்தில் அவர் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. ரத்தினம்மாளுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

பூமாலை திரும்பி நடந்தான். உடையார்பாளையத்தில் அந்தத் தெருப் பெண்கள் ஒரு வெட்டியானுக்காக மாரடித்து அழுதது அதுதான் முதல் தடவை. அவன் தெரு தாண்டும் வரை அது ஓயவில்லை.